காய்ச்சல் இல்லை என்று எழுதினேன்

மலை ஆஸ்பத்திரிகளுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளே, உங்களில் என் மகளும் ஒருத்தி. அவளுக்கு மட்டும்தான் சொல்லலாம் என்று இருந்தேன். நேரில் சொன்னால், "சோறு ஆறுதுப்பா, அப்புறம் பேசலாம்" என்று எழுந்து போய்விடுகிறாள். எழுதி வைத்தால் என்றைக்காவது படிப்பாள். கூடவே நீங்களும் படிப்பீர்கள்.

நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். ஆஸ்பத்திரிப் பணியாளராகச் சேர்ந்து, பிறகு புண்ணுக்குக் கட்டுப் போடுகிற வேலைக்கு வந்து, கொல்லிமலையிலேயே ஓய்வும் பெற்றேன். மருத்துவம் எனக்குத் தெரியாது, புண் தெரியும். எப்படிக் கழுவுவது, எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வந்தது வேறு. என் கையெழுத்தில் இருந்த இரண்டு வார்த்தையைப் பற்றி.

அப்போது எனக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. பிள்ளைகள் படிப்புக்காகக் குடும்பத்தை மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் விட்டுவிட்டு, நான் மட்டும் மலையில் குவாட்டர்ஸில் இருந்தேன். வேலை முடிந்து கதவைச் சாத்தினால் பேச ஆள் கிடையாது. மழை பெய்தால் பக்கத்துக் குவாட்டர்ஸ் விளக்குகூடத் தெரியாது. அதனால் கட்டுப் போட வருகிறவர்களிடம்தான் நான் பேசுவேன். அப்படிப் பேசிப் பழகினவர் சடையன்.

வளப்பூர் நாட்டுக்காரர்; மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். நாற்பது வயதிருக்கும். சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணி சாத்தி மிளகு பறிப்பதில் கெட்டிக்காரர். சின்ன வயதில் வந்த ஏதோ ஒரு காய்ச்சலில் இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போய், அது தெரியாமலே இத்தனை வருஷம் மரம் ஏறியிருக்கிறார். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு, கீழே சமவெளியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து புது வால்வு வைத்தார்கள். ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டி, வாரக்கணக்கில் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே கிடந்தார். கழுத்தில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய், வேளைக்கு வேளை பெரிய பெரிய ஊசி. எல்லாம் தாண்டி ஆனி மாதம் ஊர் வந்து சேர்ந்தார்.

நெஞ்சில் போட்ட வெட்டு கீழ்முனையில் மட்டும் கொஞ்சம் ஆறாமல் இருந்தது. வாரம் ஒரு தடவை அதற்குக் கட்டுப் போட எங்களிடம் வருவார். வரும்போதே சிரித்துக்கொண்டு வருவார். புது வால்வு டிக் டிக் என்று சத்தம் போடும், அமைதியாக இருந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். "உள்ள கடியாரம் வச்சு உட்டிருக்காங்க. சாவி கொடுக்க வேண்டியதில்லீங்க, அது ஒண்ணுதான் சௌகரியம்" என்பார். அவர் மனைவி செல்லம்மா, "கடியாரம் ஓடி என்னத்துக்கு ஆகுது, ஒரு நாளாவது நேரத்துக்குச் சாப்பிட வாரீங்களா?" என்று கேட்பாள். மூவரும் சிரிப்போம். அந்த வாரத்தில் நான் சிரித்தது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆடி மாதம் மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் கட்டை மாற்றிக்கொண்டே கேட்டேன்: "காச்சல் கீச்சல் இருக்குதுங்களா?" மூன்று தடவையும் அவர் சொன்னார்: "அதெல்லாம் இல்லீங்க." அவர் கையோடு கொண்டுவருகிற சிகிச்சை நோட்டில் நான் எழுதினேன்: "புண் ஆறுகிறது. காய்ச்சல் இல்லை." கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டு மணிக்கு வளப்பூர் நாடு பஸ். அதை விட்டால் அவர் சாயங்காலம்தான் ஊடு போக முடியும். வெளியே இன்னும் பத்துப் பேர் நின்றிருப்பார்கள். தெர்மாமீட்டர் பக்கத்து அறையில் நர்சம்மா மேஜையில் இருந்தது. எட்டு அடி இருக்கும். போய் எடுத்து வந்து வைத்துப் பார்க்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது. நான் போகவில்லை.

நான்காவது வாரம் அவர் வருகிற நாளுக்கு முன்னதாகவே ஒரு நாள் காலையில் அவரை ஜீப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடது கால் முழங்காலுக்குக் கீழே வெளுத்துப் போய், தொட்டால் மழையில் நனைந்த கல் மாதிரி சில்லென்று இருந்தது. விடிகாலையிலிருந்து வலி தாங்க முடியவில்லை என்றார்கள். பாதத்தில் நாடி தேடினேன், கிடைக்கவில்லை. நர்சம்மாவும் தேடினார், அவருக்கும் கிடைக்கவில்லை. டாக்டர் அன்றைக்கு தேவனூர் நாட்டில் முகாமில் இருந்தார். போனில் பிடித்தபோது, காலுக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்திருக்கும், ஒரு நிமிஷம் தாமதிக்காமல் கீழே அனுப்புங்கள் என்றார்.

நர்சம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார், வால்வு வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க தினமும் ஒரு மாத்திரை உண்டு, அதை விட்டிருப்பார்கள் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். கூட ஒரு ஆள் போகவேண்டும் என்றதால் நானே ஆம்புலன்ஸில் ஏறினேன்.

வளைவு வளைவாக வண்டி இறங்குகிறது. செல்லம்மா ஒரு கையில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, இன்னொரு கையால் அவர் காலைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். மாத்திரை விட்டீர்களா என்று கேட்டேன். அவள் துணிப்பையைத் திறந்து தீர்ந்துபோன மாத்திரை அட்டைகளை எல்லாம் என் மடியில் கொட்டினாள். ஒரு நாள்கூட விடவில்லை, யாராவது கேட்டால் காட்ட வேண்டும் என்றுதான் எறியாமல் வைத்திருக்கிறேன் என்றாள். பிறகு தானாகவே சொன்னாள்.

"மூணு வாரமா சாயங்காலமானா மேலு காயுதுங்க. விடியறப்ப வேர்த்து, போட்ட துணியெல்லாம் நனைஞ்சு போயிருது. சோறும் எறங்கறதில்ல."

"ஏம்மா, நான் வாராவாரம் கேட்டனே. காச்சல் இல்லைன்னுதானே சொன்னீங்க?"

"காச்சல் இல்லைங்களே" என்றாள் அவள், எனக்குப் புரியவில்லையே என்கிற மாதிரி. "காச்சல்னா குளிர் எடுக்கோணும், பல்லு கிட்டோணும், நாலு கம்பளி போத்தோணும். இது சும்மா மேலு காயறதுதானுங்களே."

சடையன் கண்ணை மூடியபடியே, "நீங்க அதைக் கேக்கவே இல்லீங்களே" என்றார்.

கண்ணுகளா, நான் முள்ளுக்குறிச்சியில் பிறந்தவன். மேலு காயுது என்றால் உடம்பு சுடுகிறது என்று எனக்குத் தெரியாதா? என் அம்மா நெற்றியில் கை வைத்து அதைத்தான் சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காக இருந்து, எல்லாவற்றுக்கும் காச்சல் என்ற ஒரே சொல் போதும் என்று ஆகிப்போயிருந்தது எனக்கு. அவர்கள் பொய் சொல்லவில்லை. நான் கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா பார்த்தார். என் மகள் வயதுதான் இருக்கும். அவருக்கும் முதலில் அந்த மாத்திரை மேல்தான் சந்தேகம். செல்லம்மா அட்டைகளைக் காட்டினாள். அட்டை தீர்ந்தால் மாத்திரை வயிற்றுக்குள்தான் போயிருக்கும் என்று அர்த்தமா என்று அவர் கேட்டார். நான் செல்லம்மாவிடம், மேலு காய்ந்ததைச் சொல்லுங்கள் என்று மெதுவாகச் சொன்னேன். சொன்னாள். டாக்டரம்மா நோட்டைப் புரட்டி, மூன்று இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

"மூணு வாரமும் மலை ஆஸ்பத்திரியில பாத்திருக்காங்களேம்மா. காய்ச்சல் இல்லைன்னு தெளிவா எழுதியிருக்காங்க. இப்ப வந்து மாத்திச் சொல்றீங்க."

செல்லம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. நோட்டில் நான் என்ன எழுதினேன் என்று அதுவரைக்கும் அவளுக்குத் தெரியாது. நான் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சடையனைக் காலில் அடைப்பு எடுக்க உள்ளே கொண்டு போனார்கள். செல்லம்மா தரையில் உட்கார்ந்தாள். நான் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். உண்மையாகவே போய் டீ குடித்தேன், கண்ணுகளா. அதை மறைக்க விரும்பவில்லை. அந்த டீயைக் குடிக்கிற நேரத்தில் என்னென்னவோ ஓடியது. இரண்டு வருஷம்தான் பாக்கி. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, அவர்களே கண்டுபிடித்துக்கொள்ள மாட்டார்களா? செல்லம்மாதான் சொல்லிவிட்டாளே, நான் வேறு எதற்கு? காய்ச்சலுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்? அங்கே எனக்குத் தெரிந்தவர் ஒருத்தர் கிடையாது. யாரையாவது கேட்டால் பேசாமல் இரு என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்பதும் தெரியும்.

ஆனால் ஒன்று மட்டும் விளங்கியது. அங்கே செல்லம்மா வாயால் சொன்னதற்கு மதிப்பு இல்லை. என் பேனா எழுதினதற்குத்தான் மதிப்பு. அவள் நூறு தடவை சொன்னாலும் என் இரண்டு வார்த்தை அவளைப் பொய்க்காரி ஆக்கிக்கொண்டே இருக்கும். அதை அழிக்க என் ஒருத்தனால்தான் முடியும்.

திரும்பிப் போனேன். டாக்டரம்மா ஆபரேஷன் தியேட்டர் கதவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். பின்னாலேயே போய் நிறுத்தினேன்.

"மேடம், அந்த நோட்டில எழுதினது நான்தானுங்க."

"சரி, அதுக்கென்ன?"

"அளக்காம எழுதினதுங்க. மூணு தடவையும். அந்தம்மா சொல்றதுதான் நெசம்."

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "எத்தனை வாரம்?" என்றார். மூன்று என்றேன். விடிகாலையில் வேர்க்கிறதா, சாப்பாடு குறைந்ததா, எடை குறைந்ததா என்று அடுத்தடுத்துக் கேட்டார். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றேன். செல்லம்மாவை எழுப்பி அவள் வாயாலேயே கேட்டுக்கொண்டார். பிறகு வேகமாக உள்ளே போய்விட்டார்.

காலிலிருந்து எடுத்த அடைப்பைத் தூக்கி எறியாமல் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மறுநாளே தெரிந்துவிட்டது. அது வெறும் ரத்தக்கட்டி இல்லை. உள்ளே பூஞ்சை. இதயத்தில் ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது புது வால்வின் மேலேயும் அது ஒட்டி வளர்ந்திருந்தது. அங்கிருந்து ஒரு துண்டு உடைந்துதான் காலில் போய் அடைத்திருக்கிறது.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, எனக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு ரொம்ப நாள் குழாய்களோடு கிடந்து, கிருமிக்குப் பெரிய ஊசிகள் போட்டவர்களில் சிலருக்கு இது வருமாம். எப்போதாவதுதான் வரும், ஆனால் வந்தால் பொல்லாதது. மெதுவாக வளரும். காய்ச்சல் லேசாக இருக்கும், ரத்தப் பரிசோதனையில் பல தடவை அகப்படாது. வெறும் ரத்தக்கட்டி என்று நினைத்து ரத்தம் இளக்குகிற மருந்தோடு விட்டிருந்தால், அடுத்த துண்டு தலைக்குப் போயிருக்கலாம். "நீங்க வந்து சொல்லலைன்னா அதை குப்பையிலதான் போட்டிருப்போம்" என்றார். அது பாராட்டு இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

செல்லம்மாவுக்கு நான்தான் சொன்னேன். பூஞ்சை என்றதும் அவளுக்கு விளங்கவில்லை. பூஞ்சணம் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. ஆடி மழையில் மரவள்ளி வத்தல் சரியாகக் காயாமல் பூஞ்சணம் பூத்துவிட்டது, அதைத் துடைத்துவிட்டு அவருக்கு வறுத்துக் கொடுத்தேன், அதனாலா என்று கேட்டாள். மூன்று நாள் அவளிடம் இல்லை இல்லை என்று சொன்னேன். இது வயிற்று வழியாக வந்தது இல்லை, ஆஸ்பத்திரியில் குழாய் வழியாக வந்திருக்கும், உன் அடுப்பங்கரைக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது என்று சொன்னேன். நம்பினாளா என்று தெரியாது. பிள்ளைகளே, நோயின் பேரைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். கேட்டவர்கள் அந்தப் பேரை வைத்துக்கொண்டு தங்கள் வீட்டில் குற்றம் தேடுவார்கள். கொஞ்ச நேரம் கூட இருங்கள்.

சடையனுக்கு மறுபடியும் நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றினார்கள். வாரக்கணக்கில் பூஞ்சை மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் ஒரு மாத்திரை. உயிர் நின்றது. இடது கால் முழங்காலுக்குக் கீழே நிற்கவில்லை, எடுத்துவிட்டார்கள்.

நான் மலைக்குத் திரும்பினபோது, பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்திருந்தது. வரவேண்டியதுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. கூட வேலை செய்தவர்கள், சும்மா போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயே என்றார்கள். ஒருத்தர் பேச்சோடு பேச்சாக, "நாங்களும்தான் அளக்காம எழுதறோம், இனிமே எங்க நோட்டையும் புரட்டிப் பாப்பாங்க" என்றார். அதற்குப் பிறகு பதினொரு மணி டீக்கு என்னைக் கூப்பிடுவது குறைந்து, பிறகு நின்றுபோனது. நர்சம்மா நல்லவர். சடையன் வந்ததெல்லாம் காலை நேரம்தானே, அளந்திருந்தாலும் காய்ச்சல் தெரிந்திருக்காது, மனதைப் போட்டு அலட்டாதீர்கள் என்றார். அவர் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அளந்து, இல்லை என்று எழுதியிருந்தால் அது வேறு. நான் அளக்காமல், அளந்த மாதிரி எழுதினேன். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும்.

தை மாதம் சடையன் ஊடு வந்து சேர்ந்தார் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வளப்பூர் நாட்டுக்கு பஸ் ஏறினேன். பெரிய ஆஸ்பத்திரியில் நான் சொன்னது டாக்டருக்கு. இவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. வாசலில் தார்ப்பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அவர் மரங்களில் அந்த வருஷம் பங்காளிகள் ஏறிப் பறித்துக் கொடுத்திருக்கிறார்கள். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும், "வாங்க வாங்க, ஏனுங்க, இத்தனை நாளா காணம்?" என்று வாய் நிறையக் கூப்பிட்டார். செல்லம்மா காப்பி போட உள்ளே போனாள்.

நான் சொன்னேன். நோட்டில் என்ன எழுதினேன், எதனால் எழுதினேன், அதை நம்பி அங்கே என்ன நினைத்தார்கள், எல்லாம். அவர் கட்டிலில் இருந்தே குனிந்து கைக்கெட்டின மிளகைப் புரட்டிவிட்டுக்கொண்டு இருந்தார். முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"முன்னாலயே தெரிஞ்சிருந்தா கால் நின்னிருக்குமாங்க?"

"தெரியலீங்க" என்றேன். "டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். அவங்களும் சொல்ல முடியாதுன்னுட்டாங்க."

அவர் தலையை ஆட்டினார். மிளகைப் புரட்டினார். காப்பி வந்தது, குடித்தேன். மழை, பஸ், பலாப்பிஞ்சு என்று நான் ஏதேதோ பேசிப் பார்த்தேன். அவர் பதில் சொன்னார், ஆனால் கேட்டதற்கு மட்டும். பஸ் வருகிற சத்தம் கேட்டதும் எழுந்துகொண்டேன். வாரேனுங்க என்றேன். சரிங்க என்றார்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு செல்லம்மா மட்டும் வருவாள், மாத்திரை வாங்க. அவருடைய புண்ணையும் பொய்க்காலையும் கீழே பரிசோதனைக்குப் போகிற அன்றைக்கு அங்கேயே பார்த்துக்கொள்கிறார் என்றாள். நாலைந்து மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டேன், என் மேல் கோபமா என்று. அவள் மாத்திரைகளைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"கோவமெல்லாம் இல்லீங்க. கோவம்னா வந்து ரெண்டு வார்த்தை திட்டிப்போட்டுப் போயிருவாரு. அவருக்கு உங்ககூட பேசறதுக்குத் தோணலையாமுங்க."

நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் அவர் வரவில்லை. நானும் அதற்கு மேல் போய்த் தொந்தரவு செய்யவில்லை.

பிள்ளைகளே, நீங்களும் ஒரு நாள் தப்புச் செய்வீர்கள். செய்யாமல் இந்த வேலையில் யாரும் இருந்ததில்லை. அன்றைக்கு, அது இன்னொருத்தர் உடம்பைத் தொடுகிற தப்பாக இருந்தால், டீ குடிக்கப் போகாமல் உடனே சொல்லிவிடுங்கள். யாரிடம் சொன்னால் உயிருக்கு உதவுமோ அவரிடம் முதலில் சொல்லுங்கள். யாருக்குச் செய்தீர்களோ அவரிடமும் சொல்லுங்கள். ஆனால் சொன்னவுடன் முதுகில் தட்டிக்கொடுப்பார்கள், மனம் லேசாகிவிடும் என்று எண்ணிச் சொல்லாதீர்கள். எனக்கு லேசாகவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் சடையன் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் வாய் நிறையக் கூப்பிடுவார், சிரிப்பார், ஊர்க்கதை பேசுவார். அது தெரிந்தேதான் சொல்கிறேன். மறுபடியும் அந்த வாசலில் போய் நிற்க நேர்ந்தால், மறுபடியும் சொல்லிவிட்டு பஸ் ஏறுவேன்.